தம்பியிடம் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள்

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எனக்கு ஊர் தங்கச்சிமடம். என் தம்பிக்கு வயது 29. குருப்பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அவனுடைய சபை அவனை மறைபரப்புப் பணிக்குத் தான்சானியாவுக்கு அனுப்பியிருக்கிறது. விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சா பக்கம் ஒரு பங்கில் இருக்கிறான். போனில் பேசினால் இரண்டு நிமிடம்தான். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், அம்மாவப் பாத்துக்க" என்று வைத்துவிடுகிறான். போன மாதம் வீடியோவில் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறான். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் இரண்டு தடவை மலேரியா வந்ததைச் சொன்னான். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, திரும்பி வரச் சொல் என்கிறார்கள். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். "இத்தன வருசம் படிச்சுட்டு அங்க போய் பைக் ஓட்டிக்கிட்டு, கூரைக்குத் தகரம் அடிச்சுக்கிட்டு இருக்கான். இதுக்கா சாமியாரானான்?" என்கிறார். சொந்தக்காரர்கள், "வெளிநாட்டுல இருக்கானே, மாசம் எவ்வளவு அனுப்புறான்?" என்று கேட்கிறார்கள். அவன் அங்கே நாள் முழுக்க என்னதான் செய்கிறான்? திரும்பி வரச் சொல்லலாமா? அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததைக்கூட, கவலைப்படுவான் என்று இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

வரச் சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம் நீங்கள் பேசும் விதத்தை மாற்ற வேண்டும். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நான் மூக்கையூரில் பிறந்தவள். நர்சாக 14 வருடம் அதே ஏரிக்கரைப் பக்கம்தான் வேலை பார்த்தேன். பிறகு உளவியல் படித்தேன். வெளிநாட்டுப் பணிக்குப் போகிற துறவிகளோடும், திரும்பி வருகிறவர்களோடும், அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது என் வேலை. அதனால் நர்சாகப் பாதி, ஆலோசகராகப் பாதி என்று பதில் சொல்கிறேன்.

அம்மா சாப்பிடாமல் இருப்பதால் முதலில் மலேரியா. நம் ராமேஸ்வரம் தீவுக்கு அந்தக் காய்ச்சல் புதிதில்லை. வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போவதை உங்கள் அம்மா பார்த்திருப்பார்கள். நம் பக்கம் பெரும்பாலும் வருவது விவாக்ஸ் வகை. ஆளைப் படுக்கப்போடும், ஆனால் உயிரை எடுப்பது அபூர்வம். அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கவனிக்காமல் விட்டால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து உடம்பில் ஓரளவு எதிர்ப்பு ஊறியிருக்கும். தம்பிக்கு அது கிடையாது. கூட இருக்கிறவர் காய்ச்சலோடு வயலுக்குப் போகிறாரே என்று பார்த்து இவரும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தால், அதுதான் ஆபத்து.

நல்ல செய்தியும் உண்டு. கிராமத்து மருந்தகத்தில்கூட விரல் நுனி ரத்தத்தை வைத்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் பட்டை கிடைக்கிறது. ஆர்ட்டிமெதரும் லூமெஃபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரையை மூன்று நாள், ஆறு வேளை சாப்பிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாம் நாளே உடம்பு லேசாகிவிடுவதால் பலர் மீதியை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பாலோ, எண்ணெய் சேர்ந்த சாப்பாடோ கூட வேண்டும். இரண்டு தடவை வந்தது என்கிறீர்களே, இரண்டும் தனித்தனியா, இல்லை முதல் தடவை முழுசாகத் தீராமல் திரும்பியதா என்று கேளுங்கள். முதல் தடவை எத்தனை மாத்திரை போட்டார், எதோடு போட்டார் என்றும் கேளுங்கள். கொசுவலைக்குள் தூங்குகிறாரா, வலையில் ஓட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம். வலையில் ஓட்டை பார்ப்பது உங்கள் வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா! தடுப்பு மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்பதும் முக்கியம். மெஃப்ளோகுயின் என்று ஒன்று உண்டு. சிலருக்கு அது கெட்ட கனவு, படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் கொண்டுவரும். அதை எடுப்பவராக இருந்து, பேச்சும் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அந்த ஏரி. தங்கச்சிமடத்துப் பையன் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது ஏரி என்று பெயர்தானே தவிர, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதி இருக்கும். அக்கரை தெரியாது. காற்றடித்தால் அலை எழும்பும், வள்ளம் கவிழும். ஆனால் உப்பில்லாத தண்ணீர். அதன் கரையோர நத்தைகளிலிருந்து வெளியே வரும் ஒரு நுண்புழு, தண்ணீரில் நிற்கிறவர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அங்கே அதற்குக் கிச்சோச்சோ என்று பெயர். மாதக்கணக்கில் தெரியாது. பிறகு வயிற்றுவலி, ரத்தம் போவது, உடம்பு இளைப்பது என்று வரும். நம் கடலில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. என்னோடு வந்த ஒரு சிஸ்டர், அவரும் கடற்கரை ஊர்தான், முதல் மாதமே இறங்கி நீந்தி, ஒரு வருடம் அவதிப்பட்டார். கன்னம் ஒட்டியதற்கு மலேரியா மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டாமல், இந்தப் புழுவுக்கும் ஒரு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிரசிக்குவான்டெல் மாத்திரையில் சரியாகிவிடும்.

சரி, நாள் முழுக்க என்ன செய்கிறார்?

அந்தப் பக்கம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விடியும். அவர்கள் மணியை எண்ணுவதும் விடியலிலிருந்துதான். நாம் காலை 7 மணி என்பதை அவர்கள் 'சா மோஜா', அதாவது ஒரு மணி என்பார்கள். 'எட்டு மணிக்கு வாருங்கள்' என்று யாராவது சொன்னால் அது நம் மதியம் 2 மணி. புதிதாகப் போகிறவர் எல்லோரும் ஒரு தடவையாவது ஆறு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருப்பார்கள். தம்பியும் உட்கார்ந்திருப்பார்.

விடிவதற்கு முன் எழுந்து செபம், பிறகு காலைப் பூசை. ஒரு கறுப்புத் தேநீர். அப்புறம் பைக். அங்கே அதற்குப் பெயர் பிக்கிபிக்கி. பங்கு என்றால் நம் தங்கச்சிமடம் போல் கோவிலும் அதைச் சுற்றி ஊருமாக நினைக்காதீர்கள். தலைமைக் கோவில் ஒன்று, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிளைக் கோவில்கள், சில 30, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மழைக்காலத்தில் செம்மண் சாலை சகதியாகிவிடும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு உபதேசியார் இருப்பார். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதும், சாவு வீட்டுக்கு முதலில் போவதும் அவர்தான். தம்பி போய்ச் சேர்ந்ததும் மரத்தடியில் ஒரு முக்காலி போடுவார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பார். பிறகு பூசை. நம் ஊரில் முக்கால் மணி நேரம் தாண்டினாலே பின்பக்கம் இருந்து செருமுவார்கள். அங்கே இரண்டரை மணி நேரம் ஆனாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். காணிக்கையை ஆடிக்கொண்டே கொண்டுவருவார்கள். மக்காச்சோளம், வாழைக்குலை, காலைக் கட்டிய கோழி. பெண்கள் குலவை போடுவார்கள். நம் ராமநாதபுரத்துக் குலவையேதான்! முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசைக்குப் பின்தான் உண்மையான வேலை. நோயாளி வீடுகள். அந்தப் பக்கத்தில் வாழும் சுக்குமா மக்களில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு மாடு கொடுக்க வேண்டும். மாடு முழுசாகக் கொடுத்து முடியாததால் நான்கு பிள்ளை பெற்ற பிறகும் கோவிலில் தாலிகட்டு நடக்காத தம்பதிகள் இருப்பார்கள். இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, ஒரு கிழவிக்கு மருந்து. நம் அன்பியம் மாதிரியே அங்கே ஜுமுய்யா என்று பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்த குழுக்கள் உண்டு. சாயங்காலம் அதில் ஒன்றுக்குப் போக வேண்டும். எந்த வீட்டில் கூடினாலும் உகாலி வைப்பார்கள். மக்காச்சோள மாவைக் கட்டியாகக் கிண்டிய களி. கையால் உருட்டித்தான் தின்ன வேண்டும். கேழ்வரகுக் களி தின்ற வாய்க்கு அது பழகிவிடும். தொட்டுக்கொள்ள டகா. விரல் நீளம்கூட இல்லாத ஏரி மீன், வெயிலில் காய்ந்தது. நெத்திலிக் கருவாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இரண்டு நிமிடத்தில் போனை வைப்பது ஏன் என்று இப்போது சொல்கிறேன். நாள் முழுக்க அவர் சுவாஹிலியில் பேசியிருக்கிறார். வயதான பெண்களுக்கு அதுவும் வராது, சுக்குமா மொழிதான். ஆக அவருக்கு இரண்டு மொழி வேண்டும், இரண்டும் பாதிதான் இருக்கிறது. இறையியல் படித்தவர், நன்றாகப் பிரசங்கம் செய்தவர், அங்கே மூன்று வயதுப் பிள்ளையிடம் 'இதற்கு என்ன பெயர்' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். சாவு வீட்டில் சொல்லத் தெரிந்தது 'போலே' என்கிற ஒரே சொல். வருந்துகிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருப்பார். இரவில் உடம்பைவிட நாக்கு அதிகம் களைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் கூப்பிட்டு, "என்னடா, எப்படி இருக்க?" என்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். அதனால் 'நல்லா இருக்கேன்'. முதல் இரண்டு வருடம் இப்படித்தான் போகும். இது நோய் இல்லை.

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அவரை ஒருநாள் ஓரியூருக்குக் கூட்டிப் போங்கள். எத்தனையோ தடவை போயிருப்பார். இந்தத் தடவை அங்கே உயிர்விட்ட புனித அருளானந்தரின், அதாவது ஜான் டி பிரிட்டோவின், அம்மாவை நினைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் அரசவையோடு உறவுள்ள குடும்பம். மகன் 26 வயதில், 1673-ல் கப்பல் ஏறக் கிளம்பியபோது, அனுப்பவே கூடாது என்று போப்பின் தூதர்வரை போய் மன்றாடிப் பார்த்த அம்மா அவர். மகன் இங்கே வந்து, காவி கட்டி, மாமிசத்தை விட்டு, நம் பேச்சைக் கற்று, மறவர் சீமையில் நடந்தே திரிந்தார். 1693-ல் ஓரியூரில் வெட்டுப்பட்டார். அந்தத் தாயின் தவிப்பை நாம் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, ஓரியூர்ச் செம்மண்ணை மட்டும் எடுத்து வந்தோம். அவருக்கும் முன்னால் அண்ட்ரிக் அடிகளார், அதே போர்த்துக்கல்காரர், முத்துக்குளித்துறையில் நம் மக்களோடு உட்கார்ந்து தமிழை எழுத்துக் கூட்டிக் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தான் இந்திய மொழி எழுத்தில் நம் நாட்டில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று. அவர்கள் வாயில் 'ழ' பட்ட பாட்டைத்தான் இன்று தம்பியின் வாயில் சுவாஹிலி படுகிறது.

அதே போர்த்துக்கல்காரர்கள் ஆப்பிரிக்கக் கரையிலும் இருந்தார்கள். அதனால் அங்கேயும் குருவுக்குப் பெயர் பாத்ரி, நம் பாதிரி. மேசைக்கு மேசா. கைக்குட்டைக்கு லேசோ, நம் பாட்டிமார் சொல்லும் லேஞ்சி. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். மகன் போன இடம் அவ்வளவு தூரம் இல்லை என்று கொஞ்சம் தோன்றும்.

தகரம் அடிப்பதைப் பற்றி அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அங்கே ஊர்க்காரர்கள் மண் குழைத்துச் செங்கல் சுட்டு சுவர் எழுப்பிவிடுவார்கள். கூரைத் தகரம் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அது பாதிரியின் பங்கு என்பது எழுதாத வழக்கம். தகரம் ஏறும் நாளில் ஏணியில் ஏறாத சாமியாரை அந்த மக்கள் தங்களில் ஒருவராக நினைக்க மாட்டார்கள். கரையில் வலை இழுக்கும்போது கைகொடுக்காமல் நிற்கிறவனை அப்பா என்ன நினைப்பார்?

சொந்தக்காரர்களுக்கு ஒரே வரி: அவருக்குச் சம்பளம் கிடையாது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். கைச்செலவுக்குச் சபை கொடுப்பதுதான். துபாய் போனவர்களோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவது அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்ற குறுகுறுப்பு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அதிகம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீடு எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம். அவர் மலேரியாவை மறைத்தார் என்று வருத்தப்படுகிறீர்கள். அதே கடிதத்தின் கடைசியில் அப்பாவின் கண் ஆபரேஷனை நீங்கள் மறைத்ததை எழுதுகிறீர்கள். மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார், தங்கச்சி?

நான் அங்கே போன காலத்தில் கடிதம் வந்துசேர மூன்று வாரம் ஆகும். என் அப்பாவுக்கு ஈரலில் கோளாறு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'அவ தனியா இருக்கா, சொல்லி என்ன ஆகப்போகுது' என்று எட்டு மாதம் எனக்கு மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் கடிதத்தில்கூட 'அப்பா சுகம்' என்றுதான் இருந்தது. கடைசியில் அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு எழுதிய கடிதம்தான் என் கைக்கு வந்தது. அழுதேன், சரி. ஆனால் அதற்குப் பிறகு வீட்டிலிருந்து 'எல்லாரும் சுகம்' என்று எது வந்தாலும் நான் நம்பவில்லை. வருடக்கணக்கில் நம்பவில்லை. ஒவ்வொரு சுகத்துக்குப் பின்னாலும் என்ன இருக்கிறதோ என்று தூக்கம் கெட்டது. அன்பினால்தான் மறைத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் தூரத்தில் இருக்கிறவருக்குக் கெட்ட செய்தியைவிட, சொல்வது உண்மைதானா என்று தெரியாமல் இருப்பதுதான் அதிக பாரம். கடலுக்குப் போன படகு வராத ராத்திரியில் நீங்கள் கரையில் நின்றிருப்பீர்கள். எதுவானாலும் தெரிந்தால் போதும் என்று தோன்றுமே, அதே மனதுதான் அங்கேயும்.

எதைப் பார்த்தால் கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் போனையே எடுக்காமல் இருப்பது, கிராமங்களுக்குப் போவதை விட்டு அறைக்குள்ளேயே கிடப்பது, தூக்கமே இல்லாதது அல்லது தூக்கமே கதியாவது, குடி. முன்பு பாசமாகப் பேசிய அந்த மக்களையே 'இவங்கள்லாம் இப்படித்தான்' என்று வெறுப்பாகப் பேசத் தொடங்குவதும் ஒரு அறிகுறி. பலர் இதைக் கவனிப்பதில்லை. என் அனுபவத்தில் சோர்வு முற்றுவதற்கு முன் முதலில் வருவது அதுதான். இவற்றில் எதையாவது பார்த்தால் தயங்காமல் சபைத் தலைவரிடம் பேசுங்கள். அவருடைய எண்ணையும், தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கும் இன்னொரு சாமியாரின் எண்ணையும் இப்போதே வாங்கி வையுங்கள். அப்படிக் கூட ஒருவர் இருக்கிறாரா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. புதுக்குருவைத் தனியாக ஒரு பங்கில் விடுவது எனக்குச் சம்மதமில்லாத காரியம். அப்படி விட்டிருந்தால் நீங்கள் கேட்பதில் தவறே இல்லை, சபை மாற்றிக்கொடுக்கும். நிரந்தரமாக வரச் சொல்வது வேறு, ஓய்வுக்கு வந்துபோகச் சொல்வது வேறு. பல சபைகளில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டு விடுப்பு உண்டு. எப்போது என்று தெரிந்தால் அம்மாவுக்கு நாள் எண்ண ஒரு கணக்குக் கிடைக்கும்.

போன் பேசும் நாளை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம், அன்று அவர் மூன்று பூசை வைத்துத் தொண்டை கட்டியிருப்பார். திங்கட்கிழமை பெரும்பாலான பங்குகளில் சாமியார்களுக்கு ஓய்வு. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நம் மதியம் இரண்டரை மணி அங்கே 12 மணி. அந்த நேரம் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்பதை விட்டுவிட்டு, இந்த வாரம் எந்தக் கிளைக்குப் போனாய், உபதேசியார் எப்படிப்பட்ட ஆள், புதிதாக என்ன சொல் கற்றாய் என்று கேளுங்கள். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவின் மேளத்தையோ, கரையில் ஏலம் விடும் சத்தத்தையோ பதிவு செய்து அனுப்புங்கள். அவர் அதை ராத்திரியில் திரும்பத் திரும்பக் கேட்பார்.

வருகிற திங்கள் முதல் வேலையாக அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். பிறகு போனை அப்பாவிடமே கொடுங்கள். அந்த டகா மீனை, நிலா இல்லாத இருட்டில், வள்ளத்தில் விளக்கு கட்டித் தண்ணீருக்கு மேல் வெளிச்சம் போட்டுக் கூட்டம் சேர்த்துப் பிடிப்பார்கள். ராத்திரி ஏரி முழுக்கப் புள்ளி புள்ளியாக விளக்கு. என்ன வலை போடுகிறார்கள், கண்ணி எவ்வளவு, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு மீன்பாடு கிடைக்கிறது, யாருக்கு எத்தனை பங்கு போகிறது என்று அப்பா கேட்கட்டும். தம்பிக்குத் தெரியாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் கரைக்குப் போய் விசாரித்து வந்து சொல்வார். தண்ணீரில் மட்டும் கால் வைக்காமல் விசாரிக்கச் சொல்லுங்கள்.